முன்பாரம், பின்பாரம்

வெங்காய மூட்டை ஏற்றும்போது பெரியப்பா பாதியில் நிறுத்திவிட்டு வண்டிக்கு முன்னால் வருவார். நுகத்தடியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். சுலபமாக எழும்பினால், “பின்பாரமா இருக்கு, ரெண்டு மூட்டைய முன்ன தள்ளுங்கப்பா” என்று குரல் வரும். அசையவே மறுத்தால் ஒரு மூட்டை பின்னால் போகும். பின்பாரம் என்றால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து புண்ணாகிவிடும். மாடு தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். சிறுவாச்சூர்க் கரிசல் காட்டில் பருத்தியும் வெங்காயமும் ஏற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு கையிலேயே இருந்தது.

அந்தப் பார வண்டிகளுக்கு வில் கிடையாது. வில் எல்லாம் ஆட்கள் ஏறும் வண்டிக்குத்தான். மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் வசதியான வீட்டுக்காரர்கள் வில்வண்டியில் வந்து இறங்கி, கோயிலிலேயே அரிசி இடித்து மாவிளக்குப் போடுவார்கள். அச்சுக்கு மேலே அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகள் அழுந்தி எழுவதை நாங்கள் குனிந்து குனிந்து பார்ப்போம்.

இன்று பாரத்துக்கும் வில் வந்துவிட்டது. 1986-இல் டாடா 407, 2005-இல் குட்டி யானை, 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் என்று ஒவ்வொன்றாக வந்து, மாட்டு வண்டி போன தடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டன. நாங்கள் இன்னும் நாற்பத்தைந்து என்றே சொல்லும் திருச்சி–சென்னை சாலை நான்கு வழியாகி, எங்கள் பக்கத்தில் 38 என்று எண்ணும் மாறிவிட்டது. இத்தனையும் வந்த பிறகு, நுகத்தடியைத் தூக்கிப் பார்க்கும் அந்தப் பழக்கம் மட்டும் போய்விட்டதே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அக்கா மகன் கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிறான். பிக்கப்பில் கொக்கி போட்டு, கலவை மெஷினை இழுத்துக்கொண்டு பாடாலூர், செட்டிகுளம் என்று போய்வருகிறான். பெட்டிக்குள் சிமெண்ட் மூட்டையும் சென்ட்ரிங் சாமானும் வேறு. பின்பக்கம் உட்கார்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் கண் கூசித் திட்டுகிறார்கள்.

“மாமா, ரெண்டு பட்டை சேத்துடலாம்னு இருக்கேன்.”

“பட்டை அப்புறம்டா. மெஷினோட முன்கம்பி கொக்கிய எவ்வளவு அமுக்குதுன்னு மொதல்ல பாப்போம் வா.”

இரண்டு சக்கரத்தில் ஓடும் டிரெய்லர் தன் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கைக் கொக்கியின் மேல் வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு. 1,000 கிலோ என்றால் 100 முதல் 150 கிலோ. மூட்டை நிறுக்கும் தராசின் மேல் முன்கம்பியைத் தாங்க வைத்தால் தெரிந்துவிடும். இது மிகவும் குறைந்தால் வேகத்தில் பின்னால் வருவது வாலாட்டத் தொடங்கும். நான்கு வழிச் சாலையில் லாரி ஒன்று உரசினாற்போல் கடந்து போகும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் கையில் ஒன்றும் இருக்காது. எத்தனை பட்டை சேர்த்தாலும் இந்த ஆட்டம் அடங்காது.

கூடினாலும் தொல்லைதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளி, பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளிக் கொக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் 100 கிலோ இறங்கினால் பின் அச்சு 140 கிலோ சுமக்கிறது. முன் அச்சில் 40 கிலோ குறைகிறது. முன் சக்கரம் லேசாகிறது, ஸ்டியரிங் மிதக்கிறது, பிரேக் பிடிக்கும் தூரம் நீள்கிறது. ஆகவே பெட்டிக்குள் சிமெண்டைப் பின்கதவை ஒட்டி அடுக்காமல் கேபினை ஒட்டி அடுக்கச் சொன்னேன். அதிலேயே பாதி சரிவு நிமிர்ந்தது.

மீதிப் பாதிக்குத்தான் துணை வில். தினமும் முழுப் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு எக்ஸ்ட்ரா பட்டை சரி. வெறும் வண்டியில் அது இடுப்பை உடைத்துவிடும். எனக்குப் பிடித்தது ஹெல்பர்: பட்டைக் கட்டின் மேலே தனியாக நிற்கும் பட்டை, பாரம் ஏறி வண்டி அமிழ்ந்த பிறகே சேஸிஸில் உள்ள தாங்கியைத் தொடும். காலி வண்டியில் அது வேலையே செய்வதில்லை. பின் அச்சு மேலே மோதாமலிருக்க வைத்திருக்கும் ரப்பர் கட்டைக்குப் பதிலாகப் பெரிய உள்கூடான ரப்பரை மாட்டுவது இன்னொரு வழி. பராமரிப்பு எதுவும் இல்லை. காற்றுப் பையில் பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் இழுத்துப் போகிறவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் பாரமில்லாதபோதும் கொஞ்சம் காற்று உள்ளே இருக்க வேண்டும், சைலன்சர் சூடு படக் கூடாது. ஜல்லிக் குவியல் மேல் ஏறி இறங்கும் வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சில பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கிறது. துணை வில் பின்பக்கத்தை உயர்த்திப் பிடித்தால், வண்டி காலி என்று அது எடுத்துக்கொள்ளும். முழுப் பாரத்தோடு போகும்போது பின் பிரேக் குறைந்துபோகும். பட்டை சேர்த்த அன்றே அந்த வால்வையும் சரிசெய்ய வேண்டும்.

துணை வில் போட்டதும் வண்டியின் தாங்கு திறன் ஏறிவிட்டதாக நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவைதானே? நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட பார எண்ணை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையும் மாறுவதில்லை. 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

முன்பு பெரம்பலூர் ரோட்டில் ஒரு ஸ்பிரிங் பட்டறை இருந்தது. தளர்ந்த பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து வளைவேற்றி, எண்ணெயில் குளிர வைத்து, மறுபடி மிதமாகச் சூடு காட்டிப் பதப்படுத்துவார் அந்தப் பெரியவர். பட்டையைக் கையில் எடுக்கும் முன், என்ன பாரம், எந்தப் பாதை, திரும்பும்போது காலியாகவா என்று கேட்டுவிடுவார். இன்று கடையில் வண்டி மாடல் கேட்கிறார்கள், அத்தோடு சரி. அந்த மூன்று கேள்வியையும் அக்கா மகனிடம் நானே கேட்டேன். பாதி நாள் காலியாகத் திரும்புகிறான் என்றதும் ஹெல்பர் என்று முடிவாயிற்று.

மாட்டும் முன் நான்கு சக்கர வளைவின் உயரத்தையும் காலி வண்டியில் டேப் பிடித்துச் சுவரில் எழுதி வைத்தோம். மெஷினைக் கோத்த பிறகு முன்பக்கம் அந்த அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் தவறில்லை. பழைய யூ போல்ட் நீண்டிருக்கும் என்பதால் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அவற்றை மறுபடி முடுக்கிவிட்டு, ஹெட்லைட்டையும் இறக்கி வைக்க வேண்டும்.