முழங்கைக்கு ஒரு ஐ.எஸ்.ஐ. முத்திரை

அனுப்புநர்:
இருசக்கர வாகனம் ஓட்டும் பொதுமக்களில் ஒருவன்,
கள்ளிக்குப்பம், அம்பத்தூர், சென்னை – 53.

பெறுநர்:
போக்குவரத்துத் துறையின் உயர் அலுவலர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: ஹெல்மெட்டை உடன் கொண்டு செல்வதையே அணிந்திருப்பதாகக் கருதி ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 129 மற்றும் 194டி.

ஐயா / அம்மா, வணக்கம்.

பார்வையில் கண்ட சட்டத்தை ஒழிக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. கள்ளிக்குப்பத்தில் ஹெல்மெட் இல்லாத வண்டியைப் பார்ப்பதே அரிது. பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கிறது, சைடு மிரரில் தொங்குகிறது, ஸ்கூட்டர் கொக்கியில் ஆடுகிறது. பெரும்பாலும் இடது முழங்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தலை என்ற ஓர் இடம்தான் பாக்கி. இவ்வளவு தூரம் ஒத்துழைக்கும் குடிமக்களிடம் அந்த ஓர் இடத்துக்காக 1000 ரூபாய் கேட்பதும், மூன்று மாதம் லைசென்ஸைப் பறிப்போம் என்பதும் நியாயமா?

தலையிலும் போடுகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ரெட்ஹில்ஸ் ரோட்டில் எதிரே வருகிற புண்ணியவான் ஹெட்லைட்டை இரண்டு தடவை சிமிட்டினால், முன்னால் செக்கிங் என்று அர்த்தம். முழங்கையில் இருப்பது உடனே தலைக்கு ஏறும். காவலர்களுக்கு ஒரு வணக்கம் வைத்து, வளைவைத் தாண்டியதும் மறுபடி முழங்கைக்கு இறங்கும். பட்டையை இறுக்கிக் கட்டினால்தான் அணிந்ததாகக் கணக்கு என்று 129 சொல்கிறதாம். இருநூறடி தூரத்துக்குப் பட்டை வேறு கட்டச் சொல்வது ஏழைகள் மேல் ஏவும் கெடுபிடி அல்லாமல் வேறென்ன?

மற்ற நேரத்தில் ஏன் போடுவதில்லை என்று கேட்பீர்கள். வேர்க்கிறது. முடி கொட்டுகிறது. பின்னால் வருகிறவன் ஹாரன் கேட்பதில்லை (ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டால் மட்டும் எல்லாம் நன்றாகக் கேட்கிறது). எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் பக்கத்தில்தான் போகிறோம். பால் வாங்க, பிள்ளையை டியூஷனில் விட, மிஞ்சிப்போனால் அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும். ஆகவே, பக்கத்தில் போகிறவர்களை இடிக்கக் கூடாது என்று தண்ணீர் லாரிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ரோடு சரியில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். முதலில் பள்ளத்தை மூடுங்கள். அதுவரை தலையைத் திறந்தே வைத்திருப்போம்.

இந்த விஷயத்தில் எங்களைவிட நீங்கள் அதிகம் யோசித்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றீர்கள். சில நாட்களிலேயே, கெடுபிடி வேண்டாம் என்று மேலிருந்து சொல் வந்தது. பிறகு 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் உத்தரவிட, ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயம். ஹெல்மெட் கடை வாசலில் தீபாவளி ரேஷன் கூட்டம். அந்த ஆண்டு செப்டம்பரில் மதுரையில் அந்த உத்தரவை எதிர்த்து வழக்கறிஞர்களே ஊர்வலம் போனார்கள். சட்டம் படித்தவர்களுக்கே பிடிக்காத சட்டம் எங்களுக்கு எப்படிப் பிடிக்கும்? 2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி தெருவில் இறங்கி ஹெல்மெட் போடச் சொன்னார். முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்தார். கோரிக்கைகள் பல இருந்தன, ஆனால் சூட்டைக் கிளப்பியது ஹெல்மெட். ஆக, ஆட்சியில் இருப்பவர், கோர்ட்டில் வாதாடுபவர், கள்ளிக்குப்பத்தில் பால் வாங்கப் போகிறவர் எல்லாரும் இதில் ஒரே கட்சி. காவிரிக்குக்கூட இப்படிச் சேர்ந்ததில்லை.

2022 அக்டோபரில் அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1000 ஆக்கினீர்கள். அன்றுதான் எங்களுக்குத் தெளிவு பிறந்தது. ஹெல்மெட் காப்பாற்றுவது தலையை அல்ல, சட்டைப் பையை. அதற்குத் தகுந்தபடிதான் வாங்குகிறோம். ஐ.எஸ்.ஐ. தரம் இல்லாததைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் தடை இருந்தும், ரோட்டோரத்தில் இருநூறு முந்நூறுக்குத் தொப்பி மாதிரி ஒன்று கிடைக்கிறது. முத்திரை ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும். கீழே விழுந்தால் தாங்குமா என்று நாங்கள் கேட்பதில்லை. செக்கிங்கில் தாங்குமா என்பதே எங்கள் சோதனை. நீங்களும் எத்தனை வழக்கு, எத்தனை ரூபாய் வசூல் என்றுதானே கணக்குச் சொல்கிறீர்கள்? இரு தரப்புக்கும் இதில் கருத்து வேறுபாடே இல்லை.

புது வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. நல்ல ஹெல்மெட் கிடைத்தால் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருக்கிறோம். கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் முன்னோர். தலைப்பாகையைக் கொடுத்துத் தலையைக் காத்தவர்கள் அவர்கள். நாங்கள் தலையைக் கொடுத்துத் தலைப்பாகையைக் காக்கிறோம். தலைமுறைக்குத் தலைமுறை முன்னேற்றம் வேண்டாமா?

பின்சீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். சென்னையில் 2022 மே 23 முதல் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு வழக்கம் வேறு. குடும்பத்துக்கு ஒரு ஹெல்மெட், அது ஓட்டுகிறவருக்கு. அபராதம் கட்டுகிறவர் அவர்தானே? அம்மாவுக்குத் தலையில் மல்லிகைப்பூ இருக்கிறது, நசுங்கிவிடும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பட்டையும் ஹெல்மெட்டும் மாட்டி, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போக வேண்டும் என்பது 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி. எங்கள் பிள்ளைகளோ முன்னால் நின்றுகொண்டு, காற்று வாங்கியபடி, ஹாரன் அடிக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார்கள்.

படித்தவர்கள் சிலர் புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று உலகமே கொண்டாடிய மனிதர் 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் இதை விடாமல் ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கும் என்று 1941இல் எழுதினார் என்பார்கள். சரியாக அணிந்தால் சாவு சுமார் 40 சதவீதமும், தலையில் பலத்த காயம் சுமார் 70 சதவீதமும் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருக்கலாம். அவர்கள் ஜெனீவாவில் இருக்கிறார்கள், அங்கே வேர்க்காது. 2022இல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். எத்தனை பேர் தலையில் மல்லிகைப்பூ இருந்தது, எத்தனை பேர் பக்கத்தில்தான் போனார்கள் என்பதையெல்லாம் அந்த அறிக்கை சொல்லவில்லை. சொல்லாதவரை நாங்கள் நம்புவதாக இல்லை.

ஆகவே, கீழ்க்கண்டவற்றுக்குப் பரிவுடன் ஆணை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. ஹெல்மெட் தர விதியான ஐ.எஸ். 4151ஐத் திருத்தி, முழங்கை அளவுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்க வேண்டும்.

2. செக்கிங் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் முந்தைய நாளே வெளியிட வேண்டும். சட்டத்தை மதிக்க எங்களுக்கும் முன்னறிவிப்பு தேவை.

3. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு 129இல் விலக்கு உண்டு. தலையெழுத்தை நம்பி ஓட்டுகிறவர்களுக்கும் அதை நீட்டிக்க வேண்டும். வண்டி வாங்கிய அன்றே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அதற்குச் சாட்சி உண்டு.

4. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் கொண்டுவந்தீர்கள். மிக்க நன்றி. நாற்பத்தொன்பதாம் மணி நேரத்திலிருந்து ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அந்த வண்டிக்கான மாதத் தவணை ஆகியவற்றையும் அரசே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
தலை வணங்காத
ஒரு குடிமகன்.

நகல்:
1. வண்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் – தகவலுக்காக.
2. நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவு, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, சென்னை – தகவலுக்காகவும் முன்னேற்பாட்டுக்காகவும்.
3. வீட்டில் இருப்பவர்கள் – அனுப்பவில்லை. படித்தால் வண்டிச் சாவியைத் தரமாட்டார்கள்.