பனி கிடைக்காது, பலகை கிடைக்கும்

போன மாதம் ஒரு வாசகருக்கு, "பனிச்சறுக்கு ஸ்கீயை வீட்டிலேயே செய்யலாம், ஓசூரில் நன்றாகவே செய்யலாம்" என்று போகிற போக்கில் பதில் சொல்லி வைத்தேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி டிராயிங். ஓசூர்க்காரர்கள் ஆயிற்றே, திட்டியவர்கள்கூட அளவு குறித்துத்தான் திட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: இங்கே ஜனவரியில் ஸ்வெட்டர் போட்டாலே பெரிய விஷயம். ஓசூரில் எதற்கய்யா ஸ்கீ? — பெயர் போடாத வாசகர், ஜூஜூவாடி

ஓசூரில் செய்வதெல்லாம் ஓசூரிலேயேவா ஓடுகிறது? இங்கே பூட்டுகிற லாரி இமயமலை ஏறுகிறது. இங்கே பூக்கிற ரோஜா பிப்ரவரியில் விமானம் ஏறி, முகம் தெரியாத காதலர்களுக்காக வெளிநாடு போகிறது. ஸ்கீ மட்டும் உள்ளூரிலேயே சறுக்க வேண்டும் என்று என்ன சட்டம்? இன்னொன்றும் சொல்கிறேன். 1948இல் குல்மார்க்கில் நம் ராணுவத்துக்கு ஸ்கீ பள்ளி தொடங்கியவர் திம்மையா. பிறகு தரைப்படைத் தளபதியாகவே ஆனவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி ஆனது. அவர் பிறந்தது மடிகேரியில். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி மைசூர் வழியாகப் போனால் ஒரே நாளில் போய்ச் சேரலாம். அந்தக் காப்பித் தோட்டத்து ஊரிலும் பனி கிடையாது.

கேள்வி: சிப்காட்டில் சின்னதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு ஸ்கீக்குள் என்னதான் இருக்கிறது? — பட்டறைக்காரர், ஓசூர்

உங்கள் பட்டறையைச் சுற்றி இருப்பதுதான். கீழிருந்து வருவோம். பனியில் படுவது யூ.ஹெச்.எம்.டபிள்யூ. பிளாஸ்டிக் ஷீட், ஒன்றரை மில்லி கனம் போதும். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் தேயாமல் இருக்க வைக்கிறீர்களே, அதே ஜாதி. செயற்கை மூட்டிலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. அதன் இரு ஓரத்திலும் ஏறக்குறைய இரண்டு மில்லிக்கு இரண்டு மில்லி எஃகுப் பட்டை. உறைந்து இறுகிய சரிவில் கடித்துப் பிடிப்பது இதுதான். சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926இல் காப்புரிமை வாங்கிய யோசனை. பட்டையின் மேல் மெல்லிய ரப்பர் நாடா. அதன் மேல் கண்ணாடி இழைத் துணி, எபாக்ஸி ரெசின் பசை. நடுவில் மரம். மறுபடி இழைத் துணி. உச்சியில் படம் போட்ட நைலான் ஷீட். அந்தப் படத்தில் குலசாமியையும் போடலாம், கட்சிச் சின்னத்தையும் போடலாம், உங்கள் இஷ்டம்.

எல்லாவற்றையும் ஈரத்தோடு அடுக்கி, அச்சில் வைத்து அழுத்திக் காய விட வேண்டும். செய்முறை இவ்வளவுதான். கஷ்டமெல்லாம் "அழுத்தி" என்ற இடத்தில் இருக்கிறது.

கேள்வி: அழுத்த லாரி ஜாக்கி போதாதா? பத்து டன் ஜாக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது. — மெக்கானிக், சூளகிரி

ஜாக்கி ஒரே புள்ளியில் அழுத்தும். நடுவில் ரெசின் பூரா பிதுங்கி வெளியே வந்துவிடும், முனையில் காற்றுக் குமிழி நிற்கும். வீட்டில் ஸ்கீ செய்கிற உலகத்தார் கண்டுபிடித்த வழி தீயணைப்புக் குழாய். ஆமாம், ஃபயர் சர்வீஸ் ஹோஸ். இரண்டு முனையையும் பட்டை போட்டு இறுக்கி, கனமான ஐ-பீம் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் படுக்க வைத்து, கம்பிரஸரில் காற்று ஏற்ற வேண்டும். குழாய் எங்கும் ஒரே மாதிரி உப்பும், அழுத்தமும் எங்கும் ஒரே மாதிரி இறங்கும்.

கணக்குப் பார்க்காமல் இறங்காதீர்கள். 180 சென்டிமீட்டர் நீளம், 12 அகலம் என்றால் 2,160 சதுர சென்டிமீட்டர். பஞ்சர் கடையில் கார் டயருக்கு அடிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ காற்று வைத்தாலே ஆறரை டன் ஆகிவிடுகிறது. உங்கள் அச்சின்மேல் மினி பஸ்ஸைப் படுக்க வைத்த மாதிரி. வெல்டிங்கை மச்சான் பையனிடம் கொடுக்காதீர்கள். சேஃப்டி வால்வு கட்டாயம். காற்று ஏறும்போது பக்கத்தில் நின்று செல்ஃபியும் வேண்டாம்.

கேள்வி: மரம் எது? தேக்கா? எங்கள் பக்கம் சந்தனமும் உண்டு (சிரிப்புக்குத்தான் கேட்டேன்). — வாசகர், தேன்கனிக்கோட்டை

சந்தனத்தில் செய்தால் சரிவில் இறங்குமுன் ரேஞ்சர் ஆபீஸில் இறங்க வேண்டியிருக்கும். தேக்கு கனம், அதில் இருக்கிற எண்ணெய் பசையோடு ஒத்துப்போகாது. ஐரோப்பாவில் ஆஷ், மேப்பிள், பாப்லர். நமக்குப் பிளைவுட்காரர்கள் வளர்க்கிற மலைவேம்பும், பட்டையாகப் பிளந்து ஒட்டிய மூங்கிலும் பரிசோதிக்கத் தகுந்தவை. முடிச்சு இல்லாமல், ரேகை நேராக ஓடி, நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஜலந்தரில் ஹாக்கி மட்டை செய்த மல்பெரியும் நல்ல மரம்தான். ஆனால் நம் பக்கத்து மல்பெரியைப் பட்டுப்புழுவுக்காகப் புதராகவே வெட்டி வைத்திருக்கிறோம், அதில் பல்குச்சிதான் தேறும்.

பட்டைகளை ஒட்டிப் பலகையாக்கி, நடுவில் 11 மில்லி, இரு நுனியிலும் 2 மில்லி வரும்படி இழைக்க வேண்டும். சரிவான ஜிக் ஒன்று செய்து, ரவுட்டர் மெஷினை அதன்மேல் ஓட விடுங்கள். கையால் இழைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 10 மில்லி மரம் 11 ஆனால் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூடிவிடும். இடது கால் ஸ்கீ சொன்னபடி கேட்கும், வலது கால் ஸ்கீ யூனியன் ஆரம்பிக்கும்.

கேள்வி: வாட்டர் டேங்க் ஒட்டுகிற ரெசினும் ஃபைபர் மேட்டும் வீட்டில் மிச்சம் இருக்கிறது. ஆகுமா? — வாசகர், பாகலூர்

ஆகாது. அது பாலியெஸ்டர், டேங்க் வளையத் தேவையில்லை. ஸ்கீக்கு எபாக்ஸியும், இழை நெடுக்காக ஓடும் துணியும் வேண்டும். எபாக்ஸியை ஒரே வாளியில் மொத்தமாகக் கலக்கவும் வேண்டாம், தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் அரிப்பு நாள் கணக்கில் பேசும்.

கேள்வி: சொன்னபடி எல்லாம் செய்தேன். அச்சிலிருந்து எடுத்ததும் அடி ஷீட் அப்பளமாகக் கழன்று வந்துவிட்டது. ஏன்? — டூல் ரூம் ஊழியர், மத்திகிரி

சபாஷ், இதுதான் கேள்வி. யூ.ஹெச்.எம்.டபிள்யூ.வில் எதுவும் ஒட்டாது. ஒட்டாததால்தான் அது பனியில் வழுக்குகிறது. வழுக்குகிற பொருளை ஒட்ட வைப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி சூட்சுமம். ஒட்ட வேண்டிய பக்கத்தை உப்புத்தாளால் சுரண்டி, கேஸ் டார்ச்சின் நீலத் தீயை அதன்மேல் வேகமாக ஓட்ட வேண்டும். நின்றால் உருகும், ஓடினால் போதும். தீ பட்டதில் மேற்பரப்பு ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பசை பிடிக்கும்.

சரியாகப் பட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம், தண்ணீர் தெளியுங்கள். தீ படாத இடத்தில் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். பட்ட இடத்தில் பரந்து படியும். உருளுகிற இடம் ஒன்று மிச்சமிருந்தாலும் இன்னொரு தடவை. கடையில் ஸ்கீக்கென்றே விற்கிற ஷீட்டில் ஒரு பக்கம் பசை பிடிக்கும்படி பதப்படுத்தியே வரும். எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.

இன்னொரு சந்தேகம்: சீக்கிரம் காயட்டும் என்று சூடு ஏற்றினீர்களா? இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும். சூட்டில் ஒட்டி ஆறவிட்டால் அது மட்டும் கூடுதலாகச் சுருங்கி, அடி குழிந்து போகும். முதல் ஜோடியை ஓசூர் வெயிலை நம்பி, அறைச் சூட்டிலேயே காய விடுங்கள்.

கேள்வி: பட்டறையில் செய்து யாராவது ஜெயித்த கதை உண்டா? — மாணவர், பர்கூர்

ஹோவர்ட் ஹெட். அமெரிக்காவில் விமானத் தொழிற்சாலைப் பொறியாளர். 1947 வாக்கில் மர ஸ்கீயில் சறுக்கிப் பார்த்துவிட்டு, விமான இறக்கை மாதிரி அலுமினியத் தகடுக்குள் லேசான பொருளை வைத்துச் செய்தால் என்ன என்று யோசித்தார். சீட்டாட்டத்தில் ஜெயித்த 6,000 டாலர்தான் முதலீடு, வங்கி மேனேஜரிடம் போய் நிற்கவில்லை. பழைய ஃபிரிட்ஜ் கம்பிரஸரால் ரப்பர் பையில் காற்றை உறிஞ்சி அழுத்தினார், பழைய இன்ஜின் ஆயிலில் கொதிக்க வைத்துப் பசையை இறுக்கினார். சறுக்குப் பயிற்சியாளர்களிடம் கொடுத்தார், அவர்கள் உடைத்துக் கொடுத்தார்கள். மறுபடி செய்தார், மறுபடி உடைத்தார்கள். கடைசியில் நடுவில் பிளைவுட், ஓரத்தில் எஃகு என்று 1950இல் நிலைத்தது. ஹெட் என்ற பெயர் இன்றும் ஸ்கீயிலும் டென்னிஸ் மட்டையிலும் இருக்கிறது. சீட்டாடுகிற அண்ணன்மார்கள் இதை வீட்டில் சான்றாகக் காட்ட வேண்டாம்.

கேள்வி: இத்தனை செலவு இல்லாமல் ஆகாதா? — சிக்கன வாசகர், காவேரிப்பட்டினம்

ஆகும். ஆப்கானிஸ்தானின் பாமியானில் பையன்கள் சாதாரணப் பலகையை வளைத்து, அடியில் பிளாஸ்டிக் கேனை வெட்டிப் பதித்து, கயிற்றால் காலில் கட்டிக்கொண்டு பந்தயமே விடுகிறார்கள். சீனத்து அல்தாய் மலையில் பலகைக்கு அடியில் குதிரைத்தோல். ரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், ஏறும்போது பிடிக்கும். இரண்டுமே நம் எபாக்ஸி ஆராய்ச்சியைவிட எனக்குப் பிடித்தவை.

கேள்வி: காலணியைப் பூட்டுகிற பைண்டிங்கையும் நானே மில்லிங் போட்டுக்கொள்ளவா? — சி.என்.சி. ஆபரேட்டர், ஓசூர்

கூடாது. விழும்போது சரியான விசையில் கழன்று விடுவதுதான் அதன் வேலை. கழலாவிட்டால் ஸ்கீ பிழைக்கும், முழங்கால் போகும். அதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். திருகு இறங்குகிற இடத்தில் மரம் கெட்டியாக இருக்கட்டும். உங்கள் திறமையை, ஸ்கீயின் ஓரம் நடுவில் உள்வாங்கிக் குழிகிற பக்க வளைவில் காட்டலாம்: நீளத்தின் வர்க்கத்தை, குழிவைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் திரும்பும் ஆரம் வரும். 1,500 மில்லி நீளத்துக்கு 20 மில்லி குழிவு என்றால் 14 மீட்டர். உங்களுக்கு இது டீ குடிக்கிற நேரத்து வேலை.

கேள்வி: செய்தாயிற்று. குல்மார்க் போகும்வரை எங்கே ஓட்டிப் பார்ப்பது? — வாசகர், தளி

சிவ கேசவனைக் கேளுங்கள். மணாலிக்காரர், தந்தை தலசேரி. பனிக்குழாயில் படுத்துச் சறுக்கும் லூஜ் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே மலை ரோட்டில் பழகியவர். 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். நீங்கள் கிருஷ்ணகிரி பைபாஸில் அதைச் செய்யாதீர்கள், அங்கே ஆடுகளுக்கே இடமில்லை. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் ஒரு தரம் பார்க்கலாம். அடி ஷீட் கீறிப் போகும், மெழுகு போட்டுத் தேற்ற வேண்டும்.

கேள்வி: அந்த மெழுகு விஷயமாகத்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துப்போய் ஸ்கீக்கு மெழுகு தேய்க்கிறார். கேட்டால் "எல்லா நாட்டிலும் இப்படித்தான்" என்கிறார். உண்மையா? — பெயர் வேண்டாம் என்ற வாசகி, ராயக்கோட்டை

உண்மைதானம்மா, அதில் அவர் பொய் சொல்லவில்லை. மெழுகை இளஞ்சூட்டில் உருக்கித் தேய்த்து, ஆறியதும் சுரண்டி எடுப்பதுதான் முறை. மெழுகு புகைந்தால் சூடு அதிகம். ஆனால் மெழுகு பட்ட பெட்டியால் இனிச் சட்டை தேய்த்தால் கறைதான். அதை அவருக்கே விட்டுவிடுங்கள். அவருடைய வெள்ளைச் சட்டைகளையும் சேர்த்து.