சிக்கனக் கோலம்

ரிட்டையர் ஆன மனுஷனுக்கு ஒரு வியாதி தேவைப்படுகிறது. எனக்கு அது கை நடுக்கமாக வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருஷம் அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான்.

பார்க்கின்சன்தான் என்று அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய், சிற்பி நண்பர் ஒருவரிடம் கையை நீட்டினேன். ஆயுசு பூரா உளி பிடித்தவருக்குத் தெரியாத கையா? "இன்னிக்கு எத்தனை காபி சார்?" என்றார். ஏழு என்றேன், பஸ் ஸ்டாண்டில் குடித்ததைச் சேர்க்காமல். "ஏழு காபி ஊத்தினா அந்த வெண்ணெய் உருண்டைப் பாறைகூட ஆடும் சார்" என்றார். வெள்ளைக்கார கவர்னர் ஏழு யானை விட்டு இழுத்தும் அசையாத பாறை அது என்று அங்கே கதை சொல்வார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய வியாதியைக் காபி என்று சொன்னால் யார் மதிப்பார்கள்?

அடுத்தது வாட்ஸ்அப். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா பூனைக்காலி விதையில் இருக்கிறது என்று ஒரு மெசேஜ் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்தும் அது உண்மை. திருக்கழுக்குன்றம் வழியில் வேலியோரம் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வெறுங்கையால் பறித்தேன். காய்மேல் இருக்கும் சுணையைப் பற்றி மெசேஜில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பஸ் வரும்வரை நான் அரித்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, பேத்திக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டார்.

ஒருவழியாக நரம்பு டாக்டரிடம் போனோம். நான் பேஷன்ட். மனைவி துணைக்கு, ஃபைல், குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவள் கையில். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். "பெரிய டாக்டர் எப்பம்மா வருவார்?" என்றேன். "வந்தாச்சு, உட்காருங்க" என்றார்.

கேட்டிருக்கக் கூடாதுதான். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி. எஸ். கனகா நம்ம மெட்ராஸ்காரர். 1975-லேயே மூளைக்குள் மின்முனை வைத்து வைத்தியம் பார்த்தவர். இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். முன்னாடியே படித்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

கால் மணி நேரம் என் கையைப் பற்றிப் பேசினேன். டாக்டர் என் மனைவியின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சும்மா கிடந்த வலது கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. "எவ்வளவு நாளாம்மா இப்படி?" என்றார். "அது மந்திரம் எண்ணுறா டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "எனக்கு எந்த மந்திரமும் தெரியாதுங்க" என்றாள் அவள்.

கை வேலை செய்யும்போது ஆடினால் ஒரு கதை, சும்மா இருக்கும்போது ஆடினால் வேறு கதையாம். பார்க்கின்சன் பெரும்பாலும் இரண்டாவது ரகம். என் கை டம்ளரைத் தூக்கும்போதுதான் ஆடுகிறது. டாக்டரும் காபி என்றே எழுதினார். ஃபீஸ் வாங்காத சிற்பி சொன்னபோதே நம்பியிருக்கலாம்.

அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் அவளிடம், அவமானமெல்லாம் எனக்கு. வாசனை தெரிகிறதா? ஒரு வருஷமாகப் பால் தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை; நான் அதைக் கவனக்குறைவு என்று கண்டித்திருக்கிறேன். தோள்பட்டை வலி? உண்டு, இரண்டு பாட்டில் தைலம் வாங்கித் தந்து நல்ல புருஷன் என்று நானே பெயர் எடுத்துக்கொண்டேன். கையெழுத்து சிறுத்திருக்கிறதா? "இவ எங்க டாக்டர் எழுதறா?" என்றேன். சொல்லி முடிக்கும்போதே வாசல் ஞாபகம் வந்தது.

இருபத்தோரு புள்ளி வைத்து வாசலை அடைத்துப் போடுவாள். அது பதினைந்தாகி, பதினொன்றாகி, கடைசியில் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. தெருவே பார்த்தது. நானும் தினமும் தாண்டிக்கொண்டுதான் காபிப் பொடி வாங்கப் போனேன். கோலமாவு விற்கிற விலைக்கு என்ன சிக்கனம் பாருங்கள் என்று எதிர்வீட்டில் பெருமையும் பேசினேன்.

எனக்கு ஒரே ஆறுதல் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817-ல் லண்டனில் இந்த நோயை முதன்முதலில் விவரமாக எழுதியவர். அவர் சொன்ன ஆறு பேரும் ஆண்கள். சிலரைத் தெருவில் பார்த்தே குறிப்பெடுத்தார். தெருவைப் பார்த்தால் வீட்டுக்குள் இருப்பவர் எப்படிக் கணக்கில் வருவார்? ஆனால் அவருக்கு யாரும் வாசலில் கோலம் போட்டுக் காட்டவில்லை. எனக்குக் காட்டினார்கள்.

ஆண்களுக்கு இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் என்று படித்துக் காட்டினேன். "அப்ப உங்களுக்குத்தானே வந்திருக்கணும்?" என்றாள். பெண்களுக்கு நடுக்கத்தில் தொடங்குவது அதிகமாம். எடை குறைவு என்பதால் அதே லெவோடோபா மாத்திரை கூடுதலாக வேலை செய்து, உடம்பைத் தானாக நெளியவும் வைக்குமாம். நரம்பு டாக்டரிடம் அவர்கள் வந்து சேர்வதும் தாமதம், மின்முனை ஆபரேஷன் வரை போவதும் குறைவு. ஏன் என்று டாக்டரிடம் கேட்டேன். "அன்னிக்கு நீங்க யாரைக் காட்ட வந்தீங்க?" என்றார்.

பார்க்கின்சன் இல்லாத வெறும் நடுக்கத்திலும் வித்தியாசம் உண்டு: தலை ஆடுவது பெண்களிடம்தான் அதிகம். கேட்டதும் திருக்கழுக்குன்றத்துப் பெரியம்மா நினைவுக்கு வந்தார். எதைக் கேட்டாலும் அவர் தலை 'இல்லை, இல்லை' என்று ஆடும். சின்ன வயசில் கஞ்சப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தேன். தூக்குவாளி நிறைய அதிரசம் சுட்டு எனக்காகக் காத்திருந்தாராம். ஐம்பது வருஷம் லேட்.

இப்போது மாத்திரைக்கு நான்தான் பொறுப்பு. முதல் வாரம் சத்தாக இருக்கட்டும் என்று சுண்டலோடு கொடுத்தேன். புரதம் இந்த மாத்திரைக்குச் சக்களத்தி. உள்ளே போக விடாது. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாலேயே கொடுக்க வேண்டுமாம். மாத்திரை டூப்ளிகேட் என்று மெடிக்கல் ஷாப்பில் போய்க் கத்திவிட்டு வந்த பிறகு இது தெரிந்தது.

மாத்திரை பிடித்துக்கொண்டதும் கோலம் மறுபடி அகலமாகிவிட்டது. அவளால் குனிய முடியாத நாட்களில் நான் போடுகிறேன். காபியை மூன்றாகக் குறைத்தும் கோடு பாம்பு மாதிரி போகிறது. போன வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டம்மா உள்ளே ஓடி வந்தார். "என்னக்கா, ரொம்ப முடியலையா? கோலம் இப்படிக் கிடக்கே?"

என் மனைவி பேப்பரிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான் முத்திப்போச்சு."