கொடைவள்ளல் விதிகள்

சென்னையின் கட்டட விதிகளைத் திட்டுகிறவர்களுக்கு அவற்றின் ஈகை குணம் தெரியாது. மாம்பலம் ஏரியைக் கொடுத்துத் தியாகராய நகரை வாங்கிக்கொண்ட ஊர் இது. அந்தக் கொடை இன்றும் குன்றவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் குப்பைமேட்டுக்கு ஒரு பங்கு, சாலைக்கு ஒரு பங்கு, ஐ.டி. கட்டடங்களுக்கு ஒரு பங்கு என்று வாரி வழங்கினோம். பெரும்பகுதி போன பிறகு, 2022-இல் மிச்சத்துக்குப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் பட்டமும் கிடைத்தது.

விதிகளின் கருணையைத் தாழ்ந்த நிலத்தில் மனை வாங்கியவர்தான் முழுதாக அறிவார். வெள்ளம் தேங்கும் இடமா? கவலை வேண்டாம், மண் கொட்டி உயர்த்திக்கொண்டால் தடையில்லாச் சான்று கிடைக்கும். தண்ணீர் வீணாகாது, பக்கத்துப் பழைய வீட்டுக்குள் போய்விடும். அந்த வீட்டுக்காரரும் இடித்து உயர்த்திக் கட்டினால் அதற்கடுத்த வீடு. தெருவிலேயே ஏழையாக இருப்பவர் வீட்டில்தான் கடைசியில் தண்ணீர் தங்கும். இத்தனை ஒழுங்காகத் துன்பத்தைப் பங்கிட வேறு யாரால் முடியும்?

அடையாற்றின் மேல் பாலம் போட்டு விமான ஓடுபாதையை நீட்டினோம். ஆறும் நன்றி மறக்கவில்லை. 2015 டிசம்பரில் ஓடுபாதைக்கே வந்து பார்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்த அந்த வெள்ளத்தை, மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறை பின்னர் எழுதியது. பாராட்டத் தெரியாத துறை.

நம் நிதானத்துக்கும் ஒரு வணக்கம். வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வகுக்கும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975-இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற சில அவசரக்கார மாநிலங்கள் சட்டமே போட்டுவிட்டன. தமிழ்நாடு பதறவில்லை.

பில்டர்களின் அடக்கமும் சொல்லத் தகும். நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் வண்ணத்தில் அச்சடிப்பவர்கள், 2015-இல் அதே இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்ற பெருமையை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். வெள்ளத்துக்கும் ஈடு தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரலில் வந்ததைச் சாவி கொடுக்கும் நாளில் சொல்லி நம் மகிழ்ச்சியைக் கெடுப்பதும் இல்லை. வீட்டுக்குத்தான் இப்படி என்றால், காருக்காவது காப்பீடு இருக்கிறது என்று நம்பி, தண்ணீரில் நின்ற வண்டியை ஒருவர் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். இன்ஜினுக்குத் தனி பிரீமியம் கட்டாதவருக்கு அந்தச் செலவு கைக்காசு என்பது ஒர்க்‌ஷாப்பில்தான் தெரியவரும்.

வீடு வாங்கப் போகிறவர்களே, பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் நிற்காதீர்கள். அந்த இடம் முன்பு ஏரியா, வாய்க்காலா என்று அறிய, கிராம வரைபடத்தையும் நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவில் பழைய குடித்தனக்காரர் ஒருவரைக் கேளுங்கள். அந்த அளவை விற்பனைப் பத்திரத்தில் விற்பவரே எழுதித் தர வேண்டும் என்று அரசு சட்டம் போட வேண்டும். 1975-இன் வெள்ளச் சமவெளி மசோதாவையும் இந்தச் சட்டமன்றத்திலேயே நிறைவேற்ற வேண்டும்.