சுழன்றும் சுழலாத விசிறி: மேசைக் கணினிப் பிழைச்செய்தி குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

மேசைக் கணினியை இயக்கியவுடன் கறுப்புத் திரையில் ‘சிபியு ஃபேன் எரர்’ என்னும் வெள்ளெழுத்துகள் தோன்றி, எஃப்1 விசையை அழுத்துமாறு பணித்து, மேற்செல்லாது நிற்கும் நிலை விசிறிப் பிழை எனப்படும். விசிறியாவது, செயலியின் தலைமேல் அமர்ந்த ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகட்டடுக்கின்மீது பொருத்தப்பட்டு, அதன் வெப்பத்தைக் காற்றால் வெளியேற்றுவது. பிழையாவது, அவ்விசிறி சுழலவில்லை என்று பயாஸ், அதாவது கணினி விழித்தெழும்போது உறுப்புகளைச் சரிபார்க்கும் மென்பொருள், முடிவு கட்டுவது. சுழலாமை வேறு, சுழலவில்லை எனக் கருதப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் காணாது ஆய்வாளர் பலர் புது விசிறி வாங்கியுள்ளனர்.

இப்பிழை நால்வகைப்படும்.

முதலாவது, மெய்யாகவே நின்றுபோனது. தூசியைத் துடைக்க, இறக்கையில் சிக்கிய கேபிளை விலக்க, பேரிங் போயிருந்தால் விசிறியை மாற்றுக.

இரண்டாவது, இடம்மாறிச் செருகப்பட்டது. அளவை நூலார் அறிவு பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாகச் சுருக்குவர். பயாஸுக்குக் கண் இல்லாமையால் அதற்குக் காட்சி இல்லை. நான்கு ஊசி இணைப்பில் முதலாவது கிரவுண்டும், இரண்டாவது 12 வோல்ட் மின்சாரமும், நான்காவது வேகக் கட்டுப்பாடும் ஆக, எஞ்சிய மூன்றாவது ஊசி வழியே சுழற்சிக்கு இரண்டாக வரும் துடிப்புகளை எண்ணியே அது விசிறி உண்டெனக் கருதுகிறது. விசிறியின் கேபிளைச் ‘சிபியு ஃபேன்’ என அச்சிட்ட இடத்தை விட்டு, பெட்டி விசிறிக்குரிய இடத்தில் செருகிவிட்டால், கண்ணெதிரே விசிறி சுழலவும் பயாஸ் இல்லையெனச் சாதிக்கும். இம்முரணை ‘கேபிளை மாத்திக் குத்துங்க சார்’ என்னும் சர்வீஸ்காரரின் உரை ஒன்றே தீர்க்க வல்லது.

மூன்றாவது, மெல்லச் சுழல்வது. நிமிடத்துக்கு 600 சுற்று என வரம்பு குறித்த மதர்போர்டில் ஓசையின்றி 500 சுற்றுச் சுழலும் விசிறி குற்றவாளியாகும். பயாஸ் அமைப்பில் வரம்பை 200 ஆகக் குறைத்தல் முறை. ‘இக்னோர்’ எனத் தேர்வோர், விசிறி மெய்யாகவே நிற்கும் நாளில் செயலி கொதித்து, வேகம் குன்றி, கணினி தானே அணைந்த பின்னரே செய்தி அறிவர்.

நான்காவது, தட்டினால் சரியாவது. உரைவளம் மிக்கது இதுவே. பெட்டியின் இடப்பக்க மூடியை உள்ளங்கையால் தட்டுவோர் அங்கைக் கொள்கையினர் எனவும், மேற்கூரையை விரல்மூட்டால் குட்டுவோர் குட்டுக் கொள்கையினர் எனவும் பெயர் பெறுவர். வலப்பக்கத்தைத் தட்டும் மூன்றாம் சாரார், அப்பக்கம் மதர்போர்டின் முதுகே உள்ளது என்னும் மறுப்புக்கு, முதுகில் தட்டினாலன்றோ விக்கல் நிற்கும் என விடை கூறுவர். ஒருமுறை தட்டல் போதும் என மூலபாடம் கொள்வோரும், இருமுறை என்பதே பழம்பாடம் என்போரும் நெடுங்காலம் வழக்காடியுள்ளனர். இரு தரப்பிலும் மூடியைத் திறந்து பார்த்தவர் இலர் என்பது அவர்தம் புலமைக்குக் குறையாகக் கொள்ளப்படவில்லை. எண்ணெய் வறண்ட பேரிங் புறப்பட மறுத்து நிற்கையில் அதிர்ச்சியால் அசையும், தளர்ந்த இணைப்பும் அதிர்ந்து பொருந்தும் என்னும் எளிய விளக்கம் உண்டு; ஹார்டு டிஸ்க் இருப்பின் அது இவ்வதிர்ச்சியை விரும்புவதில்லை என்பதும் உண்டு. அடிக்குறிப்புக்கு இடம் தராமையால் இவ்விளக்கம் கருத்தரங்குகளில் ஏற்கப்படவில்லை.

மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்போர் புறனடையாகக் கொள்ளப்படுவர். அப்பெருவிசிறி எவ்வளவு வீசினும் மூன்றாம் ஊசிக்குத் துடிப்பு அனுப்பாமையின் பயாஸ் அதனைக் கணக்கில் கொள்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத இதழில் வெளிவந்த கட்டுரையைப் பல்கலைக்கழகத் தேர்வுக்குழு நோக்குவதும் இவ்வாறே. இச்சாராரின் மின்கட்டணம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.