கொக்குக்கு லைசென்ஸ் வேண்டாம்

லாசால், மொன்றியல்
ஆனி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தான்,

அக்காவின் முழங்காலுக்கு அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்ததா? இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது, நடுவில் நான் ஆற்றுக்குள் விழுகிற இடம் ஒன்று வரும். அதை விட்டுவிட்டு வாசியுங்கள்.

போன கிழமை போனில் 'மீன் பிடிக்கப் போகிறேன்' என்றதும் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது. நியாயம்தான். தொண்டமனாற்றில் நீங்கள் மணலையும் ஓராவுமாகப் பறியை நிறைக்க, பக்கத்தில் இருந்து என் சாரத்தையே தூண்டிலில் கொழுவி இழுத்தவன்தானே நான்.

பிழை என்னில் இல்லை, பக்கத்து வீட்டுக் கிழவரில். கியூபெக்காரர், ஓய்வு பெற்றவர். நான் 'மிசியே' என்று கூப்பிடுவேன். என் பிரெஞ்சு அவருக்கு விளங்காது, அவருடைய இங்கிலீஷ் எனக்கு விளங்காது. ஆகவே மெத்தச் சிநேகிதம். மதிலுக்கு மேலால் நான் கொடுத்த கட்லட்டுக்குக் கைமாறாக எனக்குப் பூச்சித்தூண்டில் பழக்குவது என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

ஆறு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சென் லோறன்ஸ் ஆறு. ஆறு என்றால் நீங்கள் நினைக்கிற ஆறு இல்லை. இந்த இடத்தில் அது கற்பாறைகளுக்கு மேலால் கொதித்துக்கொண்டு ஓடுகிறது. பெரிய கப்பல்கள் ஏற முடியாமல், இதைச் சுற்றிப் போவதற்கென்றே வாய்க்கால் வெட்டி 1825இல் திறந்தார்கள். லாசால் என்ற பெயர்கூட ஒரு ஆளின் பெயர். 1667இல் அவருக்கு இங்கே காணி கிடைத்தது. மேற்கே போனால் சீனா வரும் என்று நம்பி, காணியை விற்றுப் புறப்பட்டார். சீனா வரவில்லை. ஊர்ச்சனம் விடுமா? அவர் காணிக்கு 'லா சீன்' என்று பட்டம் வைத்தது. அது இன்றைக்கும் பக்கத்து ஊரின் பெயர். நம்பிப் போய் வெறுங்கையோடு திரும்பினவர்களை நினைவில் வைத்திருக்கிற ஊர் இது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

வெள்ளன ஐந்தரைக்கு மிசியே வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு காற்சட்டை. றப்பரில் செய்தது, நெஞ்சுவரைக்கும் வருவது, சப்பாத்தும் அதோடேயே ஒட்டியது. அதைப் போட்டுக்கொண்டு நான் படியிறங்கினதைப் பார்த்து வீட்டுக்காரி, "சந்திரனுக்கோ போறியள்?" என்றாள். பிறகு, "சட்டியில புளி கரைச்சு வைக்கட்டோ?" என்றும் கேட்டாள். வை என்று சொல்லிவிட்டுப் போனேன், அத்தான். அதுதான் நான் இன்றைக்கு விட்ட முதல் பிழை.

கரையில் நின்று மிசியே எனக்குத் தைரியம் சொன்னார். அவருடைய தைரியம் எப்படியென்றால், 1611இல் லூயி என்று ஒரு பெடியன் எதிரே தெரிகிற கொக்குத் தீவுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்பும்போது இதே பாய்ச்சலில் தாண்டுபோனானாம். சாம்பிளேன் என்ற பெரிய ஆள் அதை எழுதி வைத்திருக்கிறாராம். சொல்லி முடித்து, "வா, இறங்கு" என்றார்.

இனி தூண்டில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கட தூண்டிலில் பாரம் ஈயத்தில். சுழற்றி எறிந்தால் ஈயம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும், முடிந்தது கதை. இதில் ஈயமும் இல்லை, இறாலும் இல்லை. முள்ளைச் சுற்றி மான்மயிரும் சேவலின் கழுத்துச் சிறகும் நூலால் கட்டி, பூச்சி மாதிரிச் செய்திருக்கிறார்கள். அதற்குப் பாரமே கிடையாது. பாரம் முழுக்க மொத்தமான கயிற்றில். கம்பைப் பின்னுக்கு வீச வேண்டும். கயிறு முதுகுக்குப் பின்னால் நீட்டி நிமிரும்வரை பொறுக்க வேண்டும். பிறகுதான் முன்னுக்கு வீச்சு. கம்பு மணிக்கூட்டின் 10க்கும் 2க்கும் இடையில் ஆடவேண்டும் என்றார் மிசியே. என்னுடைய கம்பு ஆறு மணிவரைக்கும் போய் நின்றது.

முதல் வீச்சில் பின்னாலிருந்த மரத்தின் கொப்பைப் பிடித்தேன். இரண்டாவதில் மிசியேயின் தொப்பியை. மூன்றாவதில் என் காதை. அது சின்னக் காயம்தான், அக்காவுக்குச் சொல்ல வேண்டாம். தொப்பி ஆற்றோடு போனபோது மிசியே "தபர்நாக்!" என்று ஒரு சத்தம் போட்டார். இந்த ஊரில் தூஷணம் என்றால் எங்களைப் போல ஆளின் தாயைத் தேப்பனை இழுப்பதில்லை. மாதா கோயில் பீடத்துச் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். தபர்நாக் என்றால் நற்கருணை வைக்கிற பேழை. மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு முழுப்பூசைக்கு வேண்டிய சாமான் லிஸ்ட் பாடமாகிவிட்டது.

இவ்வளவுக்கும் ஒரு கொக்கு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தக் கரை பறவைகளின் சரணாலயம், ஆகவே கொக்குக்கு இங்கே ராச மரியாதை. நான் அரசாங்கத்துக்குக் காசு கட்டி, லைசென்ஸ் எடுத்து, அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்திருக்கிறேன். கொக்கோ ஒற்றைக் காலில் நின்று கண்ணுக்கு முன்னால் இரண்டு மீனை விழுங்கிவிட்டு, நல்லூர்த் திருவிழாவில் காவடி பார்க்கிறவன் மாதிரி என்னைப் பார்த்தது.

பிறகு ஒரு பாசிக்கல்லில் கால் வைத்தேன். (அத்தான், இந்த இடம்தான்.) தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் விழுந்தவனுக்கு முழங்கால் அளவு என்ன, கழுத்து அளவு என்ன. றப்பர் காற்சட்டை வெளித்தண்ணியை உள்ளே விடாது என்பது உண்மை. உள்ளே போன தண்ணியை வெளியே விடாது என்பதும் உண்மை. மிசியே என்னைக் கரையில் தலைகீழாகக் கிடத்திக் குடம் கவிழ்ப்பது மாதிரிக் கவிழ்த்தார்.

பின்னேரம் பூச்சி கிளம்பியது. இங்கே இதை 'மான்' என்பார்கள், வானத்திலிருந்து விழுந்த மன்னா. கல்லுக்குக் கீழே புழுவாகக் கிடந்து வளர்ந்து, இந்தக் காலத்தில் சிறகு முளைத்து, எங்கட ஈசல் மாதிரி மேகமாக எழும்பும். லாசால் வீட்டுச் சுவர் முழுக்க இதுதான். 1967இல் எக்ஸ்போ கண்காட்சிக்கு வருகிற ஆட்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று ஆற்றுக்குள்ளேயே பூச்சிமருந்து விட்டார்களாம். எக்ஸ்போ முடிந்துவிட்டது, பூச்சி இருக்கிறது.

பூச்சி விழ, தண்ணீரில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. ட்றவுட்! பழுப்பு ட்றவுட் இந்த மண்ணின் மீன் இல்லை, அத்தான். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்தது. இதே இனத்தைத்தான் 1880களில் வெள்ளைக்காரன் முட்டையாகக் கப்பலேற்றி நுவரெலியாவுக்கும் கொண்டுபோனான். மிசியேக்கு அதைச் சொன்னேன். "அப்ப நீயும் அதுவும் ஒரே கேஸ்" என்கிற மாதிரிக் கையைக் காட்டினார்.

வட்டத்துக்கு நடுவில் என் பூச்சி விழுந்தது. மீன் வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது. கயிற்றை ஓட்டம் இழுப்பதால் பூச்சியும் இழுபடுகிறதாம். உண்மையான பூச்சி தண்ணியின் வேகத்தில்தான் போகுமாம். இப்படிப் பத்துப் பதினைந்து தரம். சம்பந்தம் பேச வந்து, பலகாரம் சாப்பிட்டு, பிறகு சொல்லுகிறோம் என்று எழும்புகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, வந்து வந்து போனது.

சூரியன் இறங்குகிற நேரம் 'டக்' என்று ஒரு இழுவை. கம்பு வில்லாக வளைந்தது. மீன் தண்ணிக்கு மேலே ஒருதரம் எழும்பியது. முதுகு வெங்காயச்சருகு நிறம், விலாவில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறின வளையம். ஒரு கணம்தான். கயிறு தொய்ந்தது. இழுத்துப் பார்த்தால் நுனியில் பன்றிவால் மாதிரிச் சுருண்ட நூல். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கொழுக்கி முடிச்சை நீங்கள் எனக்கு மூன்று தரம் படிப்பித்தீர்கள். மூன்று தரமும் நான் பராக்குப் பார்த்தேன்.

எனக்கு அழுகை வந்தது. மிசியே என்னைக் கட்டிப்பிடித்து, முதுகில் அடித்து, 'பிராவோ' என்று கத்தினார். ஏன் இந்தச் சந்தோஷம்? பிடித்திருந்தாலும் விட்டுத்தானே இருப்போம் என்றார். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். ஓம், அவர் முப்பது வருஷமாகப் பிடித்துப் பிடித்து விடுகிறாராம். விடியப்புறம் எழும்பி, விழுந்து, காது கிழிந்து, பிடித்து, முத்தம் கொடுத்து, விடுவது!

இரவு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் புளி, வெந்தயம், தேங்காய்ப்பால், கறிவேப்பிலை எல்லாம் தயார். மீன் ஒன்றுதான் குறை. வீட்டுக்காரி கத்தரிக்காயை வெட்டிப் போட்டாள், ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடிந்த பிறகு மிசியே தந்த மற்றப் பூச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் இருப்பது சேவல் சிறகு என்று சொன்னேன். ஊர்ச் சேவலின் கழுத்துச் சிறகு நல்ல மினுக்கம், யாராவது வரும்போது கொஞ்சம் கொண்டுவர ஏலுமா என்று மிசியே கேட்டதையும், அத்தானுக்கு எழுதப் போகிறேன் என்பதையும் சொன்னேன்.

"முதல்ல சேவலைப் பிடிச்சவை, பிறகு அதின்ர சிறகைப் பிடுங்கினவை, பிறகு அதால மீனைப் பிடிக்கினம், பிறகு மீனை விடுகினம்," என்று விரல் மடித்து எண்ணினாள். "அந்தச் சேவல் எங்க?"

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: மிசியே அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். அந்த முடிச்சைப் படமாகக் கீறி அனுப்புங்கள்.