வெற்று உறுதி

1990 கோடையில், ரொறன்ரோ சென்ற் ஜேம்ஸ் ரவுனில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஏழு பேர். அகதி வழக்குகள் ஏழு, தலையணைகள் ஐந்து. ரிவி குப்பையடியில் கிடைத்தது. கோப்பை கழுவிவிட்டு நடுச்சாமத்தில் வருகிறவர்கள், படுத்திருப்பவர்களை எழுப்பாமல், சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் மட்டும் பார்த்தபடி சாப்பிடுவோம்.

அந்த யூலையும் ஓகஸ்டும் படத்தில் ஒரே காட்சிதான். பைன் மரக்காடு, முகத்தை மூடிய பெடியள், கவச வாகனம், சிப்பாய்கள். முதல் இரவு ஒருவர் அதை ஊர்ச் செய்தி என்று நினைத்து மற்றவர்களையெல்லாம் தட்டி எழுப்பிவிட்டார். அது கியூபெக்கில் உள்ள ஓகா. ஒன்பது குழிக் கோல்ஃப் மைதானத்தைப் பதினெட்டுக் குழியாக்க, மோஹாக் பூர்வகுடி மக்கள் தங்களுடையது என்று சொல்லிவந்த காட்டுக்குள், அவர்களுடைய இடுகாட்டுக்குப் பக்கமாகப் போக நகரசபை முடிவெடுத்திருந்தது. சனம் மறித்தது. பொலிஸ் போய்த் தோற்றது, பிறகு இராணுவம் போனது. எல்லாமாக 78 நாள். அவர்களுக்கு ஆதரவாகக் கானவாகே மோஹாக்குகள் மொன்றியலுக்குப் போகிற மேர்சியேப் பாலத்தையும் மறித்துவிட்டார்கள்.

"பாலத்தை மறிச்சு என்ன வரப்போகுது? சனம் வேலைக்குப் போக வேண்டாமோ?" என்றார் எங்களில் ஒருவர். அவரை இங்கே ரஞ்சன் என்று வைத்துக்கொள்வோம், அது அவர் பெயரில்லை.

"எங்களுக்கேன் இந்தச் சோலி? கேஸ் முடியட்டும்" என்றார் இன்னொருவர். அந்த வீட்டின் அரசியல் கொள்கை முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

மாமா மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவங்களிட்டை உறுதி இருக்கோ?"

மாமா ஊரில் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். உலகத்தில் நடக்கிற எந்தச் சண்டைக்கும் அவருடைய முதல் கேள்வி இதுதான். அந்த யூனில் இலங்கையில் மறுபடி யுத்தம் தொடங்கி, வலிகாமம் வடக்குச் சனம் ஷெல்லுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மயிலிட்டியில் வீட்டைப் பூட்டிவிட்டு மாமி எடுத்துக்கொண்டு ஓடிய பையில் நகை கொஞ்சம், காணி உறுதி முழுவதும். கடிதத்தில் மாமி முதலில் எழுதியிருந்ததே உறுதி பத்திரம் என்பதைத்தான். பிள்ளைகள் சுகம் என்பது அடுத்த வரியில் வந்தது.

ஊரில் ஒரு இராணுவம், ரிவியில் ஒரு இராணுவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமிருக்கவில்லை. ஓவர்ரைம் இருந்தது.

அடுத்த ஓரிரு வருடங்களில் ரொறன்ரோவில் ஹெரிற்றேஜ் ஃப்ரண்ட் என்றொரு வெள்ளை இனவாதக் கூட்டம் தலையெடுத்தது. தொலைபேசியில் ஒரு இலக்கம் வைத்திருந்தார்கள். யார் எடுத்தாலும் பதிவு செய்த குரலொன்று எங்களைப் போன்றவர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்யும். 1993இல் மொட்டைத்தலைக் கூட்டத்தவன் ஒருவன் அடித்ததில் ஒரு தமிழர் நிரந்தரமாக ஊனமானார். அவரும் எங்களைப் போல அகதியாக வந்தவர்தான். அதற்கு எங்கள் கட்டடத்தின் எதிர்ச் செயற்பாடு இப்படி: கடைசிச் சப்வேயில் தனியாக வராதே, பின்னால் யாராவது 'பாக்கி' என்று திட்டிக் கத்தினால் திரும்பிப் பாராதே, கேஸைக் கெடுத்துக்கொள்ளாதே.

அந்தத் தொலைபேசிப் பிரசங்கத்தை எதிர்த்து மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போனது யார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. ஸ்பாடைனா றோட் 16ஆம் இலக்கத்தில் இருக்கிற நேற்றிவ் கனேடியன் சென்ரர். அங்கே முன்னுக்கு நின்றவர் ரொட்னி பொபிவாஷ் என்ற அனிஷினாபே பூர்வகுடி மனிதர். நீதிமன்றம் அந்த இலக்கத்தை நிறுத்தச் சொன்னது. சொன்ன பிறகும் நடத்தியதற்காகக் கூட்டத்தின் தலைவர்கள் மறியலுக்குப் போனார்கள். வெள்ளைக்காரனைப் பார்த்து "நீ வந்த இடத்துக்குப் போ" என்று சொல்ல இந்த நாட்டில் யாருக்காவது உரித்து இருக்கிறதென்றால் அது பொபிவாஷின் ஆட்களுக்குத்தான். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் நிழலில் பயமில்லாமல் வீடு வந்து சேர்ந்த நாங்கள், யாரோ பொலிசுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

2009 மே 10, அன்னையர் தினம். முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தது. ரொறன்ரோத் தமிழர் ஆயிரக்கணக்கில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். பிள்ளைத் தள்ளுவண்டியோடு நடு லேனில் இருந்தவர்களில் ரஞ்சனும் ஒருவர். வானொலியில் ஆட்கள் எடுத்துக் கொதித்தார்கள்: றோட்டை மறிச்சு என்ன வரப்போகுது, சனம் வீட்டுக்குப் போக வேண்டாமா, இவர்களை ஏற்றி அனுப்புங்கள். அடுத்த நாள் வேலையிடத்தில் மேலாளரும் இதையேதான், கொஞ்சம் மரியாதையாகக் கேட்டாராம். "இவங்களுக்கு ஒரு மனிதத்தன்மை இல்லை" என்று ரஞ்சன் என்னிடம் நொந்துகொண்டார். மேர்சியேப் பாலத்தை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அதற்குள் அவர் வீட்டுத் தரகராகிவிட்டார், எனக்கு ஸ்காபரோவில் வீடு பிடித்துத் தந்ததும் அவர்தான்.

பொபிவாஷும் சில ஆய்வாளர்களும் 1995இல் அந்த நேற்றிவ் கனேடியன் சென்ரரில் ஒரு வரலாற்றுத் திட்டம் தொடங்கியிருந்தார்கள். பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், ரொறன்ரோவை அதன் பழைய சொந்தக்காரரின் கண்ணால் காட்டுவது. பொபிவாஷ் 2002இல் இறந்துவிட்டார், பேருந்து நிற்கவில்லை. ஓய்வுபெற்று வீட்டுக்குள் சும்மா இருந்த மாமாவை ஒரு கோடையில் அதில் கூட்டிக்கொண்டு போனேன். டாவன்போர்ட் தெரு ஏன் மற்றத் தெருக்களைப் போல நேராக ஓடாமல் வளைகிறது என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள். தெருவாவதற்கு எத்தனையோ காலம் முன்பே அது ஆட்கள் நடந்த ஒற்றையடிப் பாதையாம். மாமா யன்னலோடு தூங்கி வழிந்தார்.

பிறகு அந்தப் பெண் ரொறன்ரோ வாங்கப்பட்ட கதைக்கு வந்தாள். 1787இல் பிரிட்டிஷார் மிசிசாகா மக்களுக்குக் கண்ணாடி, சரிகைத் தொப்பி, ரம் என்று சாமான் கொடுத்தார்கள், நிலத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். பிற்பாடு உறுதியை எடுத்துப் பார்த்தால் அதில் எழுத்தே இல்லை. தலைவர்களின் அடையாளக் குறிகள் வேறு துண்டுகளில் இருந்தன, அவை அந்த வெற்றுத் தாளில் ஒட்டப்பட்டிருந்தன.

நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, மாமா எழும்பிவிட்டார்.

"வெறும் உறுதியிலை கையெழுத்தை ஒட்டினவங்களோ? எல்லை எழுதேல்லையோ? சாட்சிக்காரர் ஆர்? எந்த நொத்தாரிசு இதைப் பதிஞ்சவன்?"

ஓடுகிற பேருந்தில் ஒரு கிழவர் ஏன் கத்துகிறார் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழிகாட்டிப் பெண்ணுக்கு மட்டும் சந்தோசம். அவள் தொடர்ந்தாள். 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து, இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மறுபடி ஒரு உறுதி முடித்தார்கள். 2010இல் அரசாங்கம் 14.5 கோடி டொலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. மாமா பேர்சைத் திறந்து, நாலாக மடித்த தன் காணி உறுதியின் போட்டோக்கொப்பியை அவளிடம் நீட்டினார். 1990 முதல் வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடக்கிறது, பக்கத்திலே காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் உல்லாச விடுதி நடத்துகிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் ஓகாவைப் பற்றியும் கோல்ஃப் மைதானத்தைப் பற்றியும் சொன்னாள். "ஓம், நான் பார்த்தனான். சத்தமில்லாமல்" என்றார் மாமா. அவர்கள் இருவரும் எல்லை, வேலி, வழக்கு என்று பேசிக்கொண்டே போனார்கள். நடுவில் இருந்த நான்தான் களைத்துப்போனேன்.

நான் போன இனவாத எதிர்ப்புப் பட்டறைகளில் நல்ல வார்த்தைகள் நிறைய உண்டு. கைநூலும் மதியச் சாப்பாடும் தருவார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தானின் உள்ளத்துக்குப் போகிற வழி காணி உறுதி என்பதை எந்தப் பட்டறைக்காரரும் கண்டுபிடிக்கவில்லை. மாமா முதியோர் சங்கத்தை வடையும் தேநீர்ப் போத்தலுமாகத் திரட்டி மறுபடி அந்தப் பேருந்தில் ஏற்றினார். ஸ்காபரோவில் அவர்கள் தினமும் நடக்கப் போகும் இடங்களுக்குக் கிட்டத்தான் டாபர் ஹில் இருக்கிறது. 1956இல் வீடு கட்ட மண் வெட்டியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிப்பட்ட பழைய கூட்டுப் புதைகுழி அது. அங்கே போன பிறகு முதியோர் சங்கத்தில் சீட்டு விளையாட்டு ஒரு கிழமை நடக்கவில்லை. இதைவிடப் பெரிய பாதிப்பை நான் அங்கே கண்டதில்லை.

2021 யூனில், பூர்வகுடிகளின் உரிமைகளும் உடன்படிக்கை உரிமைகளும் குடியுரிமைச் சத்தியத்துக்குள் வந்தன. மாமா எப்போதோ இராணிக்கு மட்டும் சத்தியம் செய்து முடித்தவர். "திருத்தின உறுதி, பழைய ஆக்களையும் கூப்பிட்டு மறுபடி ஒப்பம் வாங்க வேணும்" என்றார்.

எங்கள் விழாக்களிலும் இப்போது நில ஒப்புகை உண்டு. தை மாத மரபுரிமை விழாவில் விளக்கேற்றல், இரண்டு கீதம், அகவணக்கம், அடுத்தது அது. அறிவிப்பாளர் மிசிசாகா, அனிஷினாபே, ஹோடினோஷோனி, வென்டாட் என்று தமிழில் எழுதி வைத்ததை அதிர்ஷ்டச் சீட்டு இலக்கம் மாதிரி வாசிப்பார். அகவணக்கத்துக்கு எழும்பி நின்ற சனம், இதற்கு இருப்பதா நிற்பதா என்று பக்கத்துக் கதிரையைப் பார்க்கும்.

ஒரு வருடம் அந்தப் பொறுப்பை மாமாவிடம் கொடுத்தார்கள். அவர் நாலு எல்லை, விலை பத்து ஷில்லிங், வெற்றுத் தாள், ஒட்டிய குறி எல்லாவற்றையும் சேர்த்து உறுதி நடையிலேயே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். செயற்குழு படித்துப் பார்த்தது. நல்லாயிருக்கு அண்ணை, ஆனால் மாகாண உறுப்பினரும் பொலிஸ் ஆக்களும் முன்வரிசையில் இருக்கினம், அரசியல் வேண்டாம், நாப்பத்தைஞ்சு செக்கனுக்குள்ள முடியுங்கோ என்றது. மாமா தாளை மடித்துப் பேர்சுக்குள், மற்றப் போட்டோக்கொப்பியோடு வைத்துவிட்டார். மயிலிட்டியில் 2017இல் இராணுவம் ஒரு பகுதியை விட்டபோது அவருடைய காணிக்கு முந்தின வேலியோடு விடுதலை நின்றுவிட்டது.

இந்த வருட அழைப்பிதழ் வந்திருக்கிறது. நில ஒப்புகை: ரஞ்சன். கீழே அவருடைய படம், கைப்பேசி இலக்கம், வீடு வாங்க விற்க என்ற விளம்பரம். அந்த அங்கத்துக்கு அனுசரணையும் அவர்தான்.